காய்ச்சல் வரும் என்று சொல்லாமல் விட்ட புதன்கிழமை

அங்கன்வாடியின் சிமெண்டுத் தரையில் பாயை விரித்தாயிற்று. குழந்தைகளை எடை பார்க்கும் தராசு உத்தரத்துக் கொக்கியில் தொங்கியது. தடுப்பூசிப் பெட்டி என் முழங்காலை ஒட்டி இருந்தது. நானும் ராஜாமணியும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மணி பதினொன்றரை. ஒரு குழந்தையும் வரவில்லை.

ராஜாமணி அந்த அங்கன்வாடியை நடத்துபவள். மலையில் பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். காலையிலிருந்து மூன்று முறை எனக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். வேறு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மழைங்க நர்சம்மா. அதான் வரலையாட்டம் இருக்குது" என்றாள்.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போது காமாட்சி வந்தாள். உள்ளே வரவில்லை, எதிர்ப் பாதையில் போனாள். தலையில் மாட்டுக்குப் புல்கட்டு. மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள் கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட வேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். வாய் நிறையச் சிரித்தாள்.

"நல்லாருக்கீங்களா நர்சம்மா?"

"நல்லாருக்கேன் கண்ணு. உள்ள வா."

"புல்லு நனைஞ்சு கனக்குதுங்க. போட்டுட்டு வாரேன்."

இரண்டு மணி பஸ்சுக்கு நான் எழுந்திருக்கும் வரை அவள் வரவில்லை. ஒரு குப்பியின் மூடியைக்கூடத் திறக்காமல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே உருகத் தொடங்கிய ஐஸ் தளும்பியது. ஒரு குழந்தையும் வராத நான்காவது புதன்கிழமை அது.

திட்டியிருந்தால் தேவலை

கொல்லிமலையின் பிரிவுகளில் ஒன்றான திருப்புலி நாட்டில் இருக்கும் அந்தச் சிற்றூரின் உண்மைப் பெயர் வேண்டாம். மேல்வளவு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார்: ஊசி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உங்களிடம் சண்டைக்கு வருவார்களா? கொல்லிமலையில் வரமாட்டார்கள், அம்மா. முறத்தில் புடைத்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து உட்காரப் பலகை போடுவார்கள். மோர் கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஊசி என்றதும், "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்பார்கள். அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் வராது.

யாராவது திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மோர் கொடுத்து அனுப்புகிறவர்களிடம் என்ன பேசுவது?

மிளகு மரத்தில் ஏறியவர்

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாய்க் கிடக்கும் ஊரில் பிறந்தவள். கிராம சுகாதார நர்சாக வேலை கிடைத்து முதன்முதலில் மலையேறிய நாளில், காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் தொடங்கிய வாந்தி எழுபதாவது கொண்டை ஊசி வளைவில்தான் நின்றது. ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று பஸ்சிலேயே முடிவு செய்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

இடையில் கொரோனா வந்தது. ஊசிப் பெட்டியைக் கண்டதும் ஆட்கள் தோட்டத்துக்குள் மறைந்த காலம் அது. ஒருவர் மிளகு பறிக்கிற சாக்கில், ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மிளகுக் கொடி படர்ந்த மரத்தின் உச்சிக்கே போய்விட்டார்.

"எறங்க மாட்டேனுங்க. நீங்க போயிட்டு வாங்க."

நான் போகவில்லை. அவர் கூடை நிறைந்தது. பறித்த இடத்திலேயே மறுபடியும் பறிப்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மதியம் அவர் மனைவி களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். "களி ஆறிப் போகுது" என்று மட்டும் சொன்னார். மனிதர் இறங்கி வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு இடது தோளைக் காட்டினார்.

"சட்டுனு போட்டுடுங்க. நான் பாக்க மாட்டேன்."

அவருடைய பயமெல்லாம் ஊசி முனையின் மேல்தான். கொரோனா முடிந்தபோது மேல்வளவில் ஊசி போடாத ஆள் யாருமில்லை. எனக்கு லேசாகத் தலைக்கனம் ஏறிவிட்டது. இந்த ஊரில் என் சொல்லைத் தட்டுகிறவர்கள் இல்லை என்று நினைக்கத் தொடங்கினேன். அந்த நினைப்போடுதான் அடுத்து நான் சொல்லப் போகும் புதன்கிழமைக்குப் போனேன்.

"ஒண்ணும் பண்ணாது"

அன்று நல்ல கூட்டம். மூன்று வாரமாகப் பெய்த மழையில் தள்ளிப்போன குழந்தைகள் எல்லாம் ஒரே நாளில் வந்திருந்தன. ஒன்று அழுதால் எல்லாம் அழுதன. நான் இரண்டு மணி பஸ்சைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் சாயங்காலம்தான்.

ஊசி போட்டதும் ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். இது எதற்கான ஊசி, அடுத்த ஊசி எப்போது, அட்டையைப் பத்திரமாக வை, இன்றைக்கு உன் பிள்ளைக்கு என்ன வந்தால் என்ன செய்ய வேண்டும். பயிற்சியில் இதைப் பாட்டு மாதிரி ஒப்பித்தவள் நான்.

மல்லிகாவின் முறை வந்தபோது மணி ஒன்றே முக்கால். அவள் மகன் கவினுக்கு ஒன்றரை வயது ஊசி. அவன் வீறிட்டு அழுது, பிறகு என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துச் சமாதானமானான்.

"ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்று மல்லிகா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாது. தைரியமா போ."

காய்ச்சல் மருந்துப் புட்டியை அவள் கையில் திணித்தேன். எதற்கு, எவ்வளவு, எப்போது என்று சொல்லவில்லை. பஸ் ஹாரன் கேட்டது. ஓடினேன்.

வேன் சாவி

மல்லிகாவின் கணவர் சின்னுசாமி சொந்தமாகப் பிக்கப் வேன் ஓட்டுபவர். மேல்வளவில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி மூட்டைகள் அந்த வேனில்தான் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். பிரசவமானாலும் கல்யாணமானாலும் அதே வேன்தான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் லோடு இறக்கிவிட்டு வீடு திரும்பியவர் மகனைத் தூக்கியிருக்கிறார். உடம்பு அடுப்பாய்க் காய்ந்திருக்கிறது. தூக்கிய கையிலேயே பிள்ளையின் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியிருக்கிறது.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சின்னுசாமியிடம் இருந்த இரும்பு வேன் சாவிதான். அதைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகுதான், வண்டியை எடுக்க அந்தச் சாவி வேண்டும் என்பது உறைத்திருக்கிறது. இறுகிப்போன சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தார். இரும்பைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை போய்விடுவானோ என்ற பயத்தோடு எடுத்தார்.

வேன் கிளம்பியபோதே வலிப்பு நின்றுவிட்டது. சின்னுசாமிக்கு அது தெரியாது. அத்தனை வளைவுகளையும் இறங்கிச் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது கவின் அம்மா மடியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டு வந்தானாம்.

பிள்ளை பிழைத்தது. சின்னுசாமியின் வேனில் ஏறியவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை. மதியம் ஊசி போட்டது, மாலையில் வலிப்பு வந்தது. அவ்வளவுதான் சொன்னார். அதே வாரம் யாருடைய போனிலோ, ஊசி போட்ட குழந்தை துடிப்பதாக ஒரு வீடியோ வந்தது. எந்த ஊர்க் குழந்தை என்றே தெரியவில்லை, மேலே யாரோ தமிழில் பேசிச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஜீப்பில் வந்தவர்

பத்து நாளில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். பீதி பரவிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, "ஊசிக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது" என்று மூன்று முறை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் நின்றிருந்த சின்னுசாமி, பேச்சு முடிவதற்குள் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என் மேற்பார்வை நர்ஸ் அன்று போனில் சொன்னார்: "நீயா எதையும் ஒத்துக்கிட்டுப் பேசாத. பேப்பர்ல வந்துச்சுன்னா உன் தலைதான் உருளும்." அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தில் சொன்னதுதான்.

அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன அந்த நான்கு புதன்கிழமைகள்.

ஒரு இருமல்

நர்சிங் படித்தபோது, சமவெளி ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தைகள் வார்டில் எனக்கு ஒரு மாதம் பயிற்சி. அங்கே கக்குவான் இருமலோடு இரண்டு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அதைத் தடுக்கும் ஊசி போடுவதற்கு முன்பே தொற்றிக்கொண்டது. அது இருமத் தொடங்கினால் நிறுத்தாது. இருமி இருமி முகம் சிவந்து, பிறகு நீலமாகி, மூச்சே இல்லாமல் போகும். கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நாங்கள் காத்துக்கொண்டு நிற்போம். வந்துவிட்டால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் வரவில்லை.

ஐந்தாம் வாரம் மேல்வளவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். காமாட்சியின் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை இருமும் சத்தம் கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு இருமல். இன்னொன்று. பிறகு தும்மல், சிணுங்கல். சாதாரணச் சளிதான்.

காமாட்சி வெளியே வந்தாள். "ஏனுங்க நர்சம்மா, இப்படி வேர்த்துக் கொட்டுது? தண்ணி தரட்டுங்களா?"

குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என் நோட்டில் அந்த ஊரின் ஏழு குழந்தைகளுக்கு நாள் தாண்டியிருந்தது. ஏழு பெயரும் எனக்குப் பார்க்காமலே தெரியும்.

சுற்றி வளைக்காமல்

அன்று இரண்டு மணி பஸ் வரவில்லை. டயர் போய் எங்கோ நின்றுவிட்டது என்றார்கள். பெட்டியோடு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த வேன் மெதுவாகி நின்றது.

"ஏறுங்க நர்சம்மா" என்றார் சின்னுசாமி.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் குச்சிக்கிழங்கு மூட்டைகள். கேபின் முழுவதும் ஈரமண் வாசனை. அவர் ஒரு வளைவைத் தாண்டினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லோணும்."

"கேளுங்கண்ணா."

"எம் பையனுக்கு அன்னிக்கு வந்தது அந்த ஊசியாலதானுங்களா, இல்லீங்களா?"

மேற்பார்வை நர்ஸ் சொன்னது காதில் கேட்டது. கூடவே, வேலியைப் பிடித்து நின்றபோது கேட்ட இருமலும் கேட்டது.

"ஊசியாலதான் காய்ச்சல் வந்துது. அந்தக் காய்ச்சல்ல வலிப்பு வந்துது" என்றேன்.

சின்னுசாமி வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"ஜீப்புல வந்தவரு சம்பந்தமே இல்லைன்னாரு."

"உங்கள பயமுறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. ஆனா நீங்க கண்ணால பாத்தத இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல?"

பதற்றம் வந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அன்று வந்தது. "நிறையப் பிள்ளைங்களுக்கு இந்த ஊசி போட்டா காய்ச்சல் வரும்ணா. ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். எங்கயோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். பாக்கப் பயமா இருக்கும். ஆனா பிள்ளைக்கு அதனால பின்னால குறை ஒண்ணும் வராது. இத மல்லிகாகிட்ட நான் அன்னைக்கே சொல்லிருக்கணும். சொல்லல. பஸ்ச நெனச்சுக்கிட்டிருந்தேன். தப்பு எம்மேல."

"நீங்க குடுத்த மருந்து பிரிக்காம அப்படியே மாடத்துல இருக்குதுங்க."

"அதக் குடுத்திருந்தாலும் வலிப்பு வந்திருக்கலாம். வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, வாயில கையில ஒண்ணும் குடுக்காம, எனக்குப் போன் போட்டிருப்பீங்க."

"மறுக்கா வருமுங்களா?"

"வேற காய்ச்சல்லயும் வரலாம். அஞ்சாறு வயசு வரைக்கும் பாத்துக்கணும். வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாவியை எப்படிப் பிடுங்கினார் என்பதை அப்போதுதான் சொன்னார். சொல்லி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங் கண்ணு பாத்தத இல்லைன்னு சொல்றாங்க. பொறவு அவிங்க சொல்ற மத்ததெல்லாம் எப்படி நம்பறதுங்க? எனக்கு அதான் ஆறல."

"இப்ப எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா? எல்லாருத்து முன்னாலயும்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது நினைவிருக்கிறது.

"சொல்லுதேன்" என்றேன்.

அங்கன்வாடியில்

அடுத்த புதன்கிழமை அங்கன்வாடி கொள்ளவில்லை. ஆண்களும் வந்து வெளியே நின்றார்கள். சின்னுசாமி வாசலில் உட்கார்ந்தார். கவின் ராஜாமணியின் பொம்மைகளைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

எதையும் விடாமல் சொன்னேன். பஸ்சுக்கு ஓடியதையும் சொன்னேன். முதலில் வாயைத் திறந்தவள் காமாட்சி.

"காச்சலு வருமுன்னு நீங்களே சொல்றீங்க. இழுப்பும் வரலாமுங்கறீங்க. பொறவு நல்லா இருக்கற புள்ளைக்கு அத எதுக்குங்க போடோணும்?"

இதைவிட நியாயமான கேள்வியை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. வார்டில் பார்த்த அந்த இரண்டு மாதக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சத்தத்துக்காகக் காத்து நின்றதைச் சொன்னேன். போன வாரம் அவள் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றேன் என்பதையும் சொன்னேன்.

"இந்தக் காய்ச்சல் வந்தா நான் பக்கத்துல இருந்து பாத்துக்குவேன். அந்த இருமல் வந்தா என்னால பாத்துக்கிட்டு நிக்கத்தான் முடியும்" என்றேன்.

காமாட்சி குழந்தையைப் பார்த்தாள். வெளியே ஆண்கள் தங்களுக்குள் பேசுவது கேட்டது. சின்னுசாமி யாரையும் வற்புறுத்தவில்லை. "எம் பையனுக்கு அடுத்த ஊசி அஞ்சு வயசுல. நான் போடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

"போடுங்க" என்றாள் காமாட்சி. "ஆனா இன்னிக்கு நீங்க ஊருக்குப் போகக் கூடாது. இங்கயே இருக்கோணும்."

"இருக்கேன்."

அன்று மூன்று குழந்தைகளுக்குத்தான் போட்டேன். மற்ற நால்வரின் தாய்மார் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயத்தையும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை

ராஜாமணியின் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் மூன்று வீட்டுக்கும் நடந்தேன். தோட்டமெல்லாம் பனி. தெர்மாமீட்டர் கையில் ஜில்லென்று இருந்தது.

முதல் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தாய்க்குச் சிறு ஏமாற்றம்போல் இருந்தது. "ஏனுங்க, நம்மளுதுக்குக் காச்சலே வரல? ஊசி புடிக்கலையா?" என்று கேட்டாள். வராவிட்டாலும் ஊசி வேலை செய்யும் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காமாட்சி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன், சூடு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"சொன்ன மாதிரியே காஞ்சுதுங்க நர்சம்மா" என்றாள். குரலில் பயமில்லை. தான் எதிர்பார்த்த ஆள் வந்து போனதைச் சொல்வதுபோல் சொன்னாள். "மருந்து நீங்க சொன்ன அளவுக்குத்தான் குடுத்தேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். இப்பப் பரவால்லீங்க."

மூன்றாவது வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குள் செய்தி ஊர் முழுவதும் போய்விட்டது. நர்சம்மா சொன்ன மாதிரியே நடந்தது என்ற செய்தி. எந்தக் காய்ச்சலால் ஊசி வேண்டாம் என்றார்களோ, அதே காய்ச்சல் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்து ஒருத்தி. கடைசி ஒரு வீடு மூன்று மாதம் கழித்துத்தான் கதவைத் திறந்தது. அதுவரை வாரா வாரம் மோர் குடித்தேன்.

மேற்பார்வை நர்சிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல ஏதும் கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்தே பதில் எழுதுவோம்" என்றார். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மற்ற நர்சுகள் முன்னால் என்னை எழுப்பி இதைப் பேசச் சொன்னவரும் அவர்தான்.

தடுப்பூசியின் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களின் சந்தேகத்துக்குக் காது கொடுக்க எனக்கு நாளாயிற்று. இப்போது வரும் புது நர்சுகளிடம் நான் சொல்வது, 'ஒண்ணும் பண்ணாது' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள் என்பதுதான். என்ன பண்ணும் என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிற தெம்பு தாய்மார்களுக்கு இருக்கிறது.

சில மாதம் கழித்து, எனக்குப் பழக்கமில்லாத பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பின்னால் சேவல் கூவுவதும் ஒரு குழந்தை அழுவதும் கேட்டது. பெயர்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"காச்சலு வருமுன்னு சொல்லிப்போட்டு ஊசி போடற நர்சம்மா நீங்கதானுங்களா?"

"ஆமாங்க, நான்தான்."

"எங்க ஊருக்கும் நீங்களே வாங்க" என்றாள்.

நோட்டை எடுத்து, பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டேன்.